இரண்டு வாய் உள்ள முகம்: ஒரு கோமாளிப் படம் மூன்று முறை வரையப்பட்ட விதம்

இந்த ஆய்வு ஒரே ஒரு படத்தைப் பற்றியது. 60 × 80 செ.மீ. கான்வாஸ், இடுப்பு வரை தெரியும் ஒரு கோமாளி, உருவத்தைத் தட்டையான தளங்களாக உடைத்துக் காட்டும் கியூபிச பாணி. அதை மூன்று முறை வரைந்தேன். முதல் இரண்டும் தோற்றன. மூன்றாவதில்தான் சொல்ல வந்தது ஓரளவுக்குப் பிடிபட்டது. எங்கே தவறியது, எதை மாற்றியதும் சரியானது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். மறைத்து வைத்த உணர்ச்சியை முகத்தில் கொண்டுவர முயல்கிற யாருக்காவது இதில் ஒன்றிரண்டு விஷயம் கைகொடுக்கலாம்.

பீரோக் கண்ணாடியில் பார்த்தது

எங்கள் வீட்டில் சிரிப்பு என்றால் சித்தப்பாதான். நாலு பேர் கூடினால் போதும், யாரையாவது போல நடந்து காட்டுவார், குரல் மாற்றிப் பேசுவார், குழந்தையின் செருப்பை எடுத்துக் காதில் வைத்து ஃபோன் பேசுவார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஒரு நாள் கூடத்தில் எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு உள் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எதையோ எடுக்க நானும் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே பீரோக் கண்ணாடி. கன்னங்கள் இன்னும் மேலே ஏறியபடியே இருந்தன, பல் தெரிந்தது. ஆனால் கண் அந்தச் சிரிப்போடு இல்லை. கூடத்தில் போட்ட சிரிப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டவர் போல இருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவ்வளவுதான், முகம் மறுபடி ஒன்றாகிவிட்டது.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவரை வரைய வேண்டும் என்று உட்கார்ந்தபோதெல்லாம் அந்த ஒரு நொடிதான் முன்னால் வந்து நின்றது. வழக்கமான உருவப்படமாக வரைந்தால் ஒன்று சிரிக்கும் மனிதர் கிடைப்பார், இல்லையென்றால் சோகமான மனிதர். நான் பார்த்தது அது இரண்டும் இல்லை. இரண்டு முகம் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று அழிக்காமல் இருந்தது.

சாயம் பூசிய முகம்

சித்தப்பா சர்க்கஸ்காரர் இல்லை. ஆனாலும் அவரைக் கோமாளியாக வரையத் தோன்றியதற்குக் காரணம், கோமாளியின் முகம்தான் இந்த இரட்டை நிலையை வெளிப்படையாகவே சுமக்கிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். கோமாளி அந்தப் பழமொழியை வேலைக்காகவே தலைகீழாக்கிக்கொண்டவர். அகத்தில் எது இருந்தாலும் முகத்தில் இருப்பது சாயம்.

சர்க்கஸ் ஒப்பனையில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. வெள்ளைமுகக் கோமாளிக்கு முகம் முழுக்க வெள்ளை, அதன்மேல் புருவக் கோடும் சின்னச் சிவப்பு உதடும். ஆகஸ்ட் என்கிற வகைக்குத் தோல் நிறத்தை ஒட்டிய அடிப்பூச்சு. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் மட்டும் பெரிய வெள்ளைத் திட்டு, அப்புறம் அந்தச் சிவப்பு மூக்கு. நான் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அந்த வாய்த் திட்டு. நிஜ வாயைவிட அது பல மடங்கு பெரியது. உள்ளே இருக்கும் உதடு மூடினாலும் துவண்டாலும் வெளியே வரைந்த சிரிப்பு அப்படியே இருக்கும். அதாவது அந்த முகத்துக்கு இரண்டு வாய். எனக்குத் தேவையானது அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது என்று தோன்றியது.

சிரிப்பின் உடற்கூறையும் கொஞ்சம் படித்தேன். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். வாய் ஓரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபடி இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்படி எளிதில் சொன்னபடி கேட்காது, உள்ளிருந்து மகிழ்ச்சி வரும்போதுதான் அது தானாகச் சுருங்கும் என்பது அவர் கண்டது. பத்து வயதில் கண்ணாடியில் நான் பார்த்ததற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. சித்தப்பாவின் வாய் வேலையில் இருந்தது, கண் ஓய்ந்துவிட்டது.

நவீனக் கோமாளிக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஜோசப் கிரிமால்டி (1778–1837) நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். லண்டன் மேடைகளில் வெள்ளை முகமும் கன்னத்தில் சிவப்பு முக்கோணங்களுமாக வந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர். 1800இல் மனைவியைப் பிரசவத்தில் இழந்தார். குட்டிக்கரணமும் விழுதலுமாக உடம்பு நொறுங்கி நாற்பதுகளின் நடுவிலேயே மேடையை விட வேண்டி வந்தது. 1832இல் மகனும் போனார்.

முன்னே போனவர்கள்

கோமாளியை வரைந்து உள்ளே இருப்பதைக் காட்ட முயன்றவர்களில் எனக்கு மிகவும் உதவியவர் பிக்காசோதான். அவர் வாழ்க்கையில் இழப்பு வரும்போது ஹார்லெக்வினும் (சாய்சதுர வைரக்கட்டங்கள் போட்ட உடை அணியும் பழைய இத்தாலிய நாடகக் கோமாளி) வருகிறான் என்பதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். நண்பர் காசகெமாஸ் 1901 பிப்ரவரியில் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார். அதே வருடம் மேசையில் கை ஊன்றி, முகத்தில் வெள்ளை பூசி உட்கார்ந்திருக்கும் ஹார்லெக்வின் பிறக்கிறான். 1905இல் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெறும் நிலத்தில் நிற்கும் நாடோடிக் கலைஞர் குடும்பம். இவை எதுவும் கியூபிசம் அல்ல. சோகம் முகபாவத்திலேயே தெரிகிறது.

திருப்பம் 1915இல் வருகிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஹார்லெக்வின்’, ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். இருண்ட பின்னணியில் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் தட்டைப் பலகைகள், அதில் ஒன்றில் வைரக்கட்டங்கள், மேலே பொம்மைத் தலை போன்ற ஒரு சின்னத் தலை, அதில் பல்லைக் காட்டும் ஒரு சிரிப்பு. பிக்காசோ அதை வரைந்த நாட்களில் அவர் காதலி ஈவா மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்தார். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக மெட்ரோவில் அலைவதிலேயே நாள் போகிறது என்றும், ஆனாலும் ஒரு ஹார்லெக்வின் வரைந்திருக்கிறேன், நான் செய்ததிலேயே சிறந்தது இதுதான் என்றும் டிசம்பர் 9 அன்று எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனுக்கு எழுதினார். ஐந்து நாளில் ஈவா இறந்துவிட்டார்.

அந்தப் படத்தில் ஒரு துளிக் கண்ணீர் கிடையாது. துயரம் சாய்வில் இருக்கிறது. எந்தப் பலகையும் நேராக நிற்கவில்லை. தலை உடம்புக்குப் போதவில்லை. வண்ணம் நிறையாமல் விட்ட ஒரு வெளிறிய செவ்வகம். இதைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்த பிறகும் முதல் படத்தில் தவறு செய்தேன் என்பது வேறு விஷயம்.

1921இல் இரண்டு வடிவங்களாக வந்த ‘மூன்று இசைஞர்கள்’ படத்தில் முகமூடி அணிந்த ஹார்லெக்வின், வெள்ளை உடைக் கோமாளியான பியரோ, துறவி. ஹார்லெக்வின் பிக்காசோ என்றும், பியரோ 1918இல் மறைந்த கவிஞர் அப்போலினேர் என்றும், துறவி அந்த வருடம் மடத்தருகே ஒதுங்கிய கவிஞ நண்பர் மாக்ஸ் ஜேகப் என்றும் பலர் வாசிக்கிறார்கள். முதல் பார்வைக்குக் கொண்டாட்டமாகத் தெரியும் படம், கொஞ்சம் நின்று பார்த்தால் அறை குறுகுகிறது.

இன்னொரு கியூபிச ஓவியரான ஹுவான் கிரிஸ் வேறொரு வழி காட்டினார். 1910களின் இறுதியிலிருந்து அவரும் ஹார்லெக்வின், பியரோ எனப் பலவற்றை வரைந்தார். பொருளை எடுத்து வடிவமாக உடைப்பது அவர் வழி அல்ல, வடிவத்திலிருந்து தொடங்கிப் பொருளுக்கு வருவது. (முந்தைய தலைமுறை ஓவியர்) செசான் பாட்டிலை உருளையாக்கினார், நான் உருளையிலிருந்து பாட்டில் செய்கிறேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த வாசகம் மூன்றாவது படத்தைக் காப்பாற்றியது.

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ருவோ கியூபிஸ்ட் அல்ல. ஆனால் அவரை விட்டுவிட முடியாது. வண்டி ஓரத்தில் உட்கார்ந்து தன் மினுமினுப்பு உடையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு கிழட்டுக் கோமாளியைப் பார்த்ததாகவும், அந்தக் கோமாளி நானே, நாம் எல்லோருமே என்று புரிந்ததாகவும் 1905 வாக்கில் ஒரு கடிதத்தில் எழுதினார். இளம் வயதில் வண்ணக் கண்ணாடிச் சாளர வேலை பழகியவர் என்பதால் அவர் உருவங்களைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு ஓடும்.

முதல் படம்: கண்ணீர்

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அக்ரிலிக்கில் வரைந்தேன். முகத்தைப் பத்துப் பன்னிரண்டு தளங்களாக உடைத்து, சிரிக்கும் வாய் போட்டு, இடது கண்ணுக்குக் கீழே நீலத்தில் ஒரு துளி வைத்தேன். வைத்த மறுநிமிடமே படம் செத்துவிட்டது. பார்க்கிறவர் துளியைப் பார்க்கிறார், ‘ஓ, உள்ளே அழுகிறான்’ என்று முடிவு கட்டுகிறார், நகர்ந்துவிடுகிறார். மறைந்திருக்கும் உணர்ச்சியைக் காட்டுகிறேன் என்று அதை வெளியே எடுத்து ஆணி அடித்து மாட்டிவிட்டேன். உடைந்த தளங்களுக்கும் அங்கே வேலை இல்லாமல் போனது. துளியை எடுத்துவிட்டால் அது வெறும் கட்டம் போட்ட கோமாளி.

பிக்காசோவே 1937இல் அழும் பெண்ணை வரைந்தாரே என்று கேட்கலாம். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. அவள் கைக்குட்டையே உடைந்த கண்ணாடி போல முகத்தைக் கிழிக்கிறது. அது வெளியே கொட்டும் துயரம். எனக்கு வேண்டியது நேர் எதிர்.

இரண்டாம் படம்: சில்லுகள்

இந்த முறை எதிர்ப்பக்கம் ஓடினேன். முகத்தை அறுபது எழுபது சில்லுகளாக உடைத்தேன். ஒவ்வொன்றையும் ருவோவை நினைத்துக் கறுப்புக் கோட்டால் சுற்றினேன். உடையில் வைரக்கட்டங்கள், பின்னணியிலும் கட்டங்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்தது, அதுதான் சிக்கல். அலங்கார ஓடு பதித்த சுவர் மாதிரி எல்லா இடமும் ஒரே சத்தம். ருவோவின் கறுப்புக் கோடு வேலை செய்வதற்குக் காரணம் அவர் உருவத்தை உடைப்பதில்லை, கோட்டுக்கு உள்ளே ஒரு முழு மனிதன் இருக்கிறான். என் படத்தில் கோடு ஒவ்வொரு சில்லையும் தனித்தனி அறையில் பூட்டிவிட்டது. கண்ணில் இருந்தது வாய்க்குத் தெரியவில்லை.

வைரக்கட்டமும் என்னை ஏமாற்றியது. ஹார்லெக்வினின் உடை ஏற்கெனவே வடிவியல் போல இருப்பதால், அதைப் போட்டாலே கியூபிசம் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும். அந்தக் கட்டங்கள் ஆதியில் ஒழுங்கற்ற ஒட்டுத்துணிகள், ஏழை வேலைக்காரனின் கிழிசல்கள். காலப்போக்கில்தான் அவை ஒழுங்கான வைரங்களாயின. இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டபோது அடுத்த படத்தின் உடை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவானது. காலர் பக்கம் ஒழுங்கான வைரம், நெஞ்சை நெருங்க நெருங்க ஒட்டுத்துணி.

மூன்றாம் படம்: ஒரு விரல் நகர்த்தல்

தூரிகையை எடுப்பதற்கு முன்னால் இரண்டு டிரேசிங் தாள் எடுத்தேன். ஒன்றில் முகத்தின் தளங்களை மட்டும் வரைந்தேன். நெற்றி, மூக்கின் இரண்டு பக்கம், கன்னம், தாடை, நிஜ உதடு. கிரிஸ் சொன்னபடி முகத்தை உடைக்காமல், பெரிய தளங்களில் தொடங்கி முகத்துக்கு வந்தேன். மொத்தம் பதினாலு தளம், அதற்கு மேல் இல்லை. இன்னொரு தாளில் ஒப்பனையை மட்டும் வரைந்தேன். கண் திட்டு இரண்டு, வாய்த் திட்டு, வரைந்த சிரிப்பு, புருவம். பிறகு ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தேன்.

இரண்டும் சரியாகப் பொருந்தும்போது அது முகமூடி. அசைவே இல்லை. ஒப்பனைத் தாளை வெகுதூரம் தள்ளினால் இரண்டு ஆள். மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தேன். ஏறக்குறைய ஒரு விரல் அகலம் இடது பக்கம் போனபோது கை தானாக நின்றுவிட்டது. வரைந்த சிரிப்பின் ஒரு முனை கன்னத் தளத்தின் மேல் ஏறி நின்றது. மறுபக்கம் வெள்ளைத் திட்டுக்கு வெளியே நிஜ உதட்டின் ஓரம் சாயம் படாமல் எட்டிப் பார்த்தது. அந்த ஓரம் கீழே இறங்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. சும்மா இருந்தது. சித்தப்பா அங்கேதான் இருந்தார்.

இந்த ஆய்வில் நான் கண்டது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். முகத்தை எத்தனை துண்டாக உடைக்கிறோம் என்பதில் உணர்ச்சி இல்லை. சாயத்தின் எல்லையும் தசையின் எல்லையும் எங்கே விலகுகின்றன என்பதில் இருக்கிறது.

கண்களைப் பிரிக்க முகத்தின் நடுவே ஒரு பக்கவாட்டுக் கோட்டை இறக்கினேன். மூக்கின் ஓரமே பக்கவாட்டு முகத்தின் ஓரமாகவும் ஆகிவிடும். பிக்காசோவின் 1932ஆம் வருடத்து ‘கண்ணாடி முன் பெண்’ படத்தில் முகம் இப்படித்தான் நேராகவும் பக்கவாட்டாகவும் ஒரே சமயத்தில் தெரியும். என் படத்தில் ஒரு பாதி நம்மைப் பார்க்கிறது, அதில் கண் திட்டு முழுசாக, புருவம் குதூகலமாக. மறுபாதி படத்துக்குள் எங்கோ பார்க்கிறது. அதன் கண்ணுக்கு ஓரத்தில் ஒரு சுருக்கம்கூடப் போடவில்லை, டுஷேன் சொன்ன அந்தத் தசை அங்கே வேலை செய்யவில்லை.

வண்ணத்தை எண்ணெய்க்கு மாற்றியதற்கு ஒரே காரணம் விளிம்புகள். கியூபிஸ்டுகள் செசானிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு வித்தை உண்டு, பாஸாஜ் என்பார்கள். ஒரு தளத்தின் மூன்று பக்கத்தை மூடிவிட்டு நாலாவது பக்கத்தைத் திறந்து பக்கத்துத் தளத்தில் கரையவிடுவது. அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் எனக்கு அது கைவரவில்லை. எண்ணெயில் மறுநாளும் ஈரம் இருக்கும், உலர்ந்த தூரிகையால் லேசாக இழுத்தால் போதும். ஆனால் எல்லா விளிம்பையும் திறந்தால் படம் புகையாகிவிடும். மூன்றே இடத்தில் திறந்தேன். பக்கவாட்டுக் கண்ணின் கீழே, நிஜ உதட்டின் ஓரத்தில், காலருக்கு மேலே கழுத்தில். உள்ளே இருப்பது வெளியே கசிவதற்கு அந்த மூன்று வழிதான்.

சாயத்துக்கு வெதுவெதுப்பான வண்ணங்கள், அடியில் உள்ள முகத்துக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்த சாம்பல் நிறங்கள். டைட்டானியம் வெள்ளை எதையும் மூடிவிடும். அதனால் ஒப்பனைத் திட்டில் அதைக் கெட்டியாகவும், நிஜத் தோல் தெரிய வேண்டிய இடத்தில் தேய்த்து மெலிதாகவும் போட்டேன். சிவப்பு மூக்கு பெரிய தொல்லை, கண்ணை மொத்தமாகத் தன்பக்கம் இழுக்கிறது. கடைசியில் மூக்கைக் காவி நிறத்துக்கு இறக்கிவிட்டேன். பளிச்சென்ற சிவப்பு படத்தில் ஒரே இடத்தில்தான், கன்னத்தின் மேல் ஏறி நிற்கும் அந்தச் சிரிப்பின் முனையில்.

கைக்கு அதிகம் மெனக்கெடவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைக் கையுறை, ஐந்து விரலும் விரிந்து கூட்டத்துக்கு வணக்கம் சொல்வது போல. விரிந்த கை தளங்களாகப் பிரிய எளிது.

பார்த்தவர்கள்

படத்தை நண்பர்கள் சிலரிடம் எதுவும் சொல்லாமல் காட்டினேன். ஒருவர் இந்த ஆள் அடுத்த ஜோக்கை யோசித்துக்கொண்டிருக்கிறான் என்றார். இன்னொருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார். முதல் படத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், இதைப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சித்தியிடம் காட்டத் தயக்கமாக இருந்தது. கணவரைக் கோமாளியாக்கிவிட்டேன் என்று வருத்தப்படுவாரோ என்ற பயம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டி, படத்தில் படாமல், வாயை மறைத்தார்.

“இது அவரு,” என்றார். கையை எடுத்தார். “இது நீங்க எல்லாரும் பார்த்தவரு.”

நான் பீரோக் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். எந்த வருடம் என்று கேட்டார், சொன்னேன்.

“அந்த வருஷம்தான் அவருக்கு வேலை போச்சு. ஆறு மாசம் தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுக் கிளம்பிப் போவாரு. உங்க அப்பாவுக்குக்கூடத் தெரியாது.”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது சித்தி?”

“கையை வச்சுத்தான். மனசுல ஏதாவது இருந்தா கட்டைவிரலை உள்ளே வச்சு மூடிக்குவாரு. சிரிக்கும்போதும் கை அப்படியே இருக்கும். நீ இங்கே விரிச்சு வச்சிருக்கே பாரு, அது மட்டும் அவரு இல்லை.”

நான் முகத்தில் இத்தனை மாதம் தேடிக்கொண்டிருந்தேன், சித்தி கையில் படித்திருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் வாட்டோ 1718 வாக்கில் வரைந்த பியரோ ஞாபகம் வந்தது. வெள்ளை உடையில் நேராக நிற்கும் அந்த ஆளின் முகத்தைவிட, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கும் கைகள்தான் மனசைப் பிசையும். பலமுறை பார்த்த படம்தான்.

மறுநாள் கையுறையைச் சுரண்டி எடுத்தேன். மூடிய கையை நாலு தளத்தில் கட்டினேன், மேலே வெள்ளை, விரல் மடிப்புகளில் சாம்பல். கியூபிசத்தில் மறைந்திருப்பதையும் வரையலாம், மூடிய விரல்களுக்கு ஊடாகக் கட்டைவிரலைக் காட்டலாம். வரைந்தும் பார்த்தேன். அழகாகவே வந்தது. சாயந்தரம் வரை வைத்திருந்துவிட்டு, வண்ணம் காய்வதற்குள் கத்தியால் வழித்து எடுத்துவிட்டேன். சித்திக்கு மட்டும் தெரிந்த விரல் அது.